முதலில் தெர்மோஸ்டாட், அப்புறம்தான் ஹீட்டர், அதற்கும் அப்புறம்தான் பாம்பு

"பாம்பு வாங்கப் போறேன் அக்கா, எந்த ஹீட்டர் நல்லது?" என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றே ஒன்றுதான். தெர்மோஸ்டாட், அதாவது சூடு நாம் வைத்த அளவைத் தாண்டாமல் ஹீட்டரைக் கட்டுப்படுத்துகிற கருவி, வாங்கியாச்சா? அதை அடுத்த மாசம் பார்த்துக்கலாம்னு இருக்கேன் என்று பதில் வந்தால், அப்போ பாம்பையும் அடுத்த மாசமே வாங்கு என்று சொல்லிவிடுவேன். கறாராகத்தான் தெரியும். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. கூண்டு சின்னதாக இருந்தால் பிறகு பெரிதாக்கலாம், எலி தின்ன மறுத்தால் பொறுமையாகப் பழக்கலாம், சூடு தப்பிப்போனால் மட்டும் திருத்திக்கொள்ள அவகாசம் கிடைக்காது. பாம்பு வெந்துபோகும், சில நேரம் வீடும் சேர்ந்து எரியும்.

நான் இருப்பது டொரொண்டோவின் ஸ்கார்பரோவில். ஜனவரி, பிப்ரவரியில் வெளியே மைனஸ் 15 என்பது இங்கே செய்தியே கிடையாது. வீட்டுக்குள் 20, 21 டிகிரி இருக்கும், பேஸ்மென்ட் என்றால் 18க்கும் இறங்கும். மனிதர்களுக்கு ஒரு ஸ்வெட்டர் போதும். என் வீட்டில் இருக்கும் பால் பைத்தானின் (ball python, மலைப்பாம்பில் ஒரு சின்ன வகை) இனமோ கானா, டோகோ, பெனின் பக்கத்துப் புல்வெளிகளில் எலி வளைக்குள்ளும் கரையான் புற்றுக்குள்ளும் வாழ்கிற இனம். அதற்கு வெதுவெதுப்பான பக்கம் 31 முதல் 33 டிகிரி வரை வேண்டும், குளிர்ந்த பக்கமே 24லிருந்து 27 வரை இருக்க வேண்டும். கார்ன் ஸ்நேக் கொஞ்சம் பரவாயில்லை, அமெரிக்காவின் தென்கிழக்குக்காரர், 29லிருந்து 31 வரையுள்ள ஒரு மூலையும் 22, 23 டிகிரியில் இன்னொரு மூலையும் இருந்தால் சமாளித்துக்கொள்வார். கனடாவின் சொந்தப் பாம்புகள் குளிரைச் சமாளிக்கிற விதமே வேறு. மனிடோபாவில் நார்சிஸ் என்ற இடத்தில் கார்ட்டர் பாம்புகள் ஆயிரக்கணக்கில் சுண்ணாம்புப் பாறைப் பிளவுகளுக்குள் இறங்கி, பனி உறையாத ஆழத்தில் குளிர்காலம் முழுக்கப் படுத்துக் கிடந்துவிட்டு, ஏப்ரல் கடைசியில் கூட்டம் கூட்டமாக வெளியே வரும். பால் பைத்தானின் உடம்புக்கு அந்த வித்தை தெரியாது. அது நம்மை நம்பித்தான் இருக்கிறது.

அம்மா ஊரிலிருந்து பேசும்போது, "பாம்புக்கு எதுக்குடீ ஹீட்டர், நம்ம ஊர்ல யாரு வெச்சாங்க?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. அங்கே கவலையே தலைகீழ். மாமல்லபுரம் போகும் வழியில் வடநெம்மேலியில் இருளர் கூட்டுறவுச் சங்கத்தைப் பார்த்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும், விஷம் எடுக்கப் பிடித்துவரும் பாம்புகளை வாய்க்குத் துணி கட்டிய மண்பானைகளில்தான் வைத்திருப்பார்கள். வெயிலின் சூடு உள்ளே இறங்காமல் பானை குளுமையாக வைத்திருக்கும். பாம்போடு பரம்பரையாகப் பழகியவர்கள் அவர்கள், அந்த இடத்துக்கு அதுதான் சரி. அம்மாவுக்கு நான் சொன்ன பதில் இதுதான்: பாம்பு தன் உடம்புச் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ளாதும்மா, வெளியிலிருந்துதான் வாங்கிக்கணும். சூடு பத்தவில்லை என்றால் விழுங்கிய எலி செரிக்காமல் வயிற்றிலேயே அழுகும், பாம்பு அதை அப்படியே கக்கிவிடும். நாள்கணக்கில் குளிரிலேயே கிடந்தால் நெஞ்சில் சளி கட்டும், மூச்சு விடும்போது கிரீச்சென்ற சத்தம் வரும், வாயோரம் நுரை தட்டும். அந்தக் கட்டத்தில் மருத்துவரிடம் ஓட வேண்டியதுதான், வீட்டு வைத்தியம் எதுவும் இல்லை.

சரி, சூடு வேண்டும். எவ்வளவு என்பதை விட எங்கே என்பதுதான் முக்கியம். பெட்டி முழுக்க ஒரே சீராக 32 டிகிரி வைப்பது அன்பாகத் தெரியலாம், பாம்புக்கு அது தண்டனை. ஒரு கோடியில் வெதுவெதுப்பு, மறு கோடியில் குளுமை, இரண்டிலும் உடம்பை இறுக்கிச் சுருட்டிக்கொள்ள பக்கத்துக்கொரு பொந்து, அதாவது கவிழ்த்து வைக்கிற மறைவிடம். இவ்வளவும் இருந்தால் எலி தின்ற அன்று எந்தப் பக்கம் படுப்பது, சட்டை உரிக்கப் போகும் வாரத்தில் எந்தப் பக்கம் ஒதுங்குவது என்பதையெல்லாம் அதுவே பார்த்துக்கொள்ளும். நம் வேலை அந்த இரண்டு கோடிகளையும் தினமும் பிசகாமல் அப்படியே வைத்திருப்பது. அதற்குத்தான் தெர்மோஸ்டாட்.

அது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை என் தெருவில் இருக்கும் ஒரு தம்பி வீட்டில் பார்த்தேன். யாரோ வீடு மாறும்போது விற்ற கண்ணாடித் தொட்டி, அடியில் ஒட்டிய ஹீட் மேட் (கரண்ட்டில் சூடாகும் மெல்லிய விரிப்பு), உள்ளே இளம் பால் பைத்தான், எல்லாம் சேர்த்து ஒரே விலை. விற்றவர் தெர்மோஸ்டாட் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. தம்பி எனக்குப் போன் போட்டதும் புகாராக இல்லை, சந்தோஷமாகத்தான். "அக்கா, அது ஹீட்டர் இருக்கிற பொந்தை விட்டு வெளியவே வர்றதில்லை, அந்த இடம் அதுக்கு அவ்ளோ பிடிச்சுப்போச்சு." எனக்கு வயிற்றைக் கலக்கியது. தொடாமலே சூட்டை அளக்கும் டெம்பரேச்சர் கன்னை எடுத்துக்கொண்டு போனேன். பொந்தைத் தூக்கி, மரச்சீவலை ஒதுக்கி, அடிக்கண்ணாடியை நோக்கிப் பிடித்தால் 47 டிகிரி. மறு கோடியில் 19. பாம்பைக் கையில் எடுத்து மெதுவாகத் திருப்பிப் பார்த்தோம். நடு வயிற்றில் ஒரு சாண் நீளத்துக்குச் செதில்கள் வெள்ளை மினுமினுப்பு போய்ப் பழுப்பு மஞ்சளாக இருந்தன, ஓரங்கள் சுருண்டு, இரண்டு மூன்று இடத்தில் ஈரம் கசிந்தது. மரச்சீவல் துணுக்குகள் அந்த ஈரத்தில் ஒட்டியிருந்தன.

"சுட்டா அது நகர்ந்து போயிருக்காதா அக்கா?" என்று கேட்டான் அவன். எல்லாரும் கேட்பதுதான், நாமாக இருந்தால் துள்ளி எழுந்துவிடுவோம் இல்லையா. ஆனால் இயற்கையில் பாம்புக்குச் சூடு பெரும்பாலும் மேலிருந்து வருகிறது, வெயிலாகவும் வெயிலில் காய்ந்த பாறையாகவும். பாறை கொதித்தால் அந்த நேரம் சுற்றியிருக்கும் காற்றும் சூடாகத்தான் இருக்கும், பாம்பு நிழலுக்குப் போய்விடும். சுற்றிலும் 19 டிகிரி குளிர், வயிற்றுக்கடியில் மட்டும் 47 என்ற நிலைமை அதன் உலகத்தில் கிடையவே கிடையாது. உடம்பு மொத்தமும் இன்னும் குளிராகவே இருக்கிறது, அதனால் அது சூட்டைத் தேடி இன்னும் அழுந்திப் படுக்கிறது, அடித்தோல் வெந்துகொண்டே இருக்கிறது. பாம்பு ஹீட்டரை விட்டு நகராமல் கிடக்கிறது என்றால் அதை விருப்பம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மறுபக்கம் தாங்க முடியாத குளிர் என்பதற்கு அதுதான் அடையாளம்.

அந்தப் பாம்பு பிழைத்தது. மருத்துவர் களிம்பு கொடுத்தார், மரச்சீவலையெல்லாம் எடுத்துவிட்டு வெறும் பேப்பர் டவலில் படுக்க வைக்கச் சொன்னார், தினமும் மாற்றச் சொன்னார். ஒவ்வொரு முறை சட்டை உரிக்கும்போதும் கொஞ்சம் கொஞ்சமாக மேலானது. தழும்பு இருக்கிறது, அது போகாது.

இப்போது பொருள்களுக்கு வருவோம். ஹீட் மேட் என்பது காற்றைச் சூடாக்குகிற சாதனம் இல்லை, தொட்டுக்கொண்டிருக்கும் பரப்பை மட்டும் சூடாக்கும். சென்னை மாதிரி அறையே 28 டிகிரி இருக்கும் ஊருக்கு அது ஓரளவு போதும், இங்கே பேஸ்மென்ட்டில் அதை மட்டும் நம்பினால் தம்பி வீட்டுக் கதைதான். தரைப்பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அது இருக்கக் கூடாது, கண்ணாடித் தொட்டியாக இருந்தால் அடியில் சின்னக் கால் வைத்து மேசையிலிருந்து கொஞ்சம் தூக்கி வைக்க வேண்டும், இல்லையென்றால் சூடு போக வழியில்லாமல் தேங்கிக் கண்ணாடி விரிசல் விடும். மேலே மண்ணோ மரச்சீவலோ கனமாகப் போட்டாலும் அதே கதி. மேற்பரப்பில் வைத்த தெர்மாமீட்டர் 30 காட்டும், பாம்பு தோண்டிக்கொண்டு அடிக்கண்ணாடிக்குப் போனால் அங்கே 45 இருக்கும். அதனால் நான் எப்போதும் அளப்பது பாம்பு கடைசியாகப் போய்ச் சேரக்கூடிய இடத்தை, அதாவது கண்ணாடியை.

மேலிருந்து சூடு கொடுக்க ஹாலோஜன் பல்பு, செராமிக் பல்பு, கூரையில் திருகும் ரேடியன்ட் பேனல் என்று பல உண்டு. பகலுக்கு எனக்கு ஹாலோஜன்தான் பிடிக்கும், அதில் வருவது வெயிலில் இருப்பதைப் போல உடம்புக்குள் கொஞ்சம் ஆழமாக இறங்குகிற அகச்சிவப்புக் கதிர். செராமிக் பல்பு வெளிச்சமே தராது, ராத்திரிக்கு ஏற்றது. சிவப்பு பல்பு, நீல பல்பு என்று ராத்திரிக்கென்றே விற்கிறார்கள், அதை வாங்காதீர்கள், இருட்டில் நடமாடுகிற பிராணிக்கு இருட்டு வேண்டும். செராமிக் பல்பின் மேற்பரப்பு 200 டிகிரியைத் தாண்டும், சாதாரண பிளாஸ்டிக் ஹோல்டரில் மாட்டினால் ஹோல்டர் உருகும், பீங்கான் ஹோல்டர்தான் வேண்டும். பல்பு எதுவானாலும் அது பெட்டிக்குள் இருந்தால் கம்பிக் கூண்டு கட்டாயம். பாம்பு ஏறாத இடம் கிடையாது, சூடான பல்பைச் சுற்றிக்கொண்டு கிடந்து வெந்த பாம்புகள் நிறைய. வலைமூடியின் மேல் உட்கார வைக்கிற டோம் விளக்குகளோ, பூனை தட்டினாலே உருண்டு கம்பளத்தில் விழும். கிளிப்பை நம்பாமல் கம்பியால் கட்டித் தொங்கவிடுங்கள். குளிருக்கு அடக்கமாக இருக்கட்டும் என்று அதன் மேல் போர்வையைப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம். கடைகளில் கிடைக்கும் சூட்டுப்பாறை என்ற, உள்ளே ஹீட்டர் வைத்த செயற்கைப் பாறையைப் பற்றி ஒரு வரி போதும்: வாங்காதீர்கள். இடுப்பு வலிக்கு நாம் வைத்துக்கொள்ளும் ஹீட்டிங் பேடும் ஆகாது, அது பெரும்பாலும் இரண்டு மணி நேரத்தில் தானே அணைந்துவிடும்.

தெர்மோஸ்டாட்டில் மூன்று வகை பழக்கத்தில் உண்டு. வெறுமனே ஆன், ஆஃப் ஆகிறது ஒன்று, மேட்டுக்கு அது போதும். பல்ஸ் வகை கரண்ட்டைத் துண்டு துண்டாகக் கொடுக்கும், செராமிக்குக்கும் பேனலுக்கும் சரிப்படும். டிம்மிங் வகை ரெகுலேட்டர் மாதிரி ஏற்றி இறக்கும், வெளிச்சம் தருகிற பல்புக்கு அதுதான், மற்ற இரண்டு வகைகளில் மாட்டினால் அந்தப் பல்பு ராத்திரி பகலாக மினுக்கிக்கொண்டே இருக்கும். எந்தத் தெர்மோஸ்டாட்டானாலும் அதன் பெட்டியில் எத்தனை வாட் தாங்கும் என்று போட்டிருக்கும், அதை மீறாதீர்கள்.

ஆனால் நல்ல தெர்மோஸ்டாட் வாங்கிவிட்டால் முடிந்தது என்று நினைக்கிறவர்களுக்கு நான் சொல்வது, அந்தச் சாதனத்துக்குத் தெரிந்தது அதன் ப்ரோப், அதாவது ஒயர் நுனியில் சூட்டை உணரும் முனை, தொட்டுக்கொண்டிருக்கும் இடம் ஒன்றுதான். பாம்பு ராத்திரி நடமாடும்போது ப்ரோப்பை இழுத்துக் குளிர்ந்த பக்கம் போட்டுவிட்டது என்று வையுங்கள், அல்லது தண்ணீர்க் கிண்ணத்துக்குள் தள்ளிவிட்டது. தெர்மோஸ்டாட் "ஐயோ, 22தான் இருக்கு" என்று நினைத்துக்கொண்டு ஹீட்டரை முழு வேகத்தில் ஓட்டும், விடிய விடிய ஓட்டும். அதனால் மேட் என்றால் ப்ரோப்பை வெளியே, மேட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் வைத்து ஒட்டிவிடுவேன், பாம்புக்கு அது எட்டவே எட்டாது. பிறகு உள்ளே கண்ணாடியின் மேல் டெம்பரேச்சர் கன்னால் பார்த்து, உள்ளே 32 வரும்வரை தெர்மோஸ்டாட்டின் எண்ணைச் சரிசெய்வேன். அதில் 35 என்று காட்டினாலும் கவலையில்லை, நமக்கு வேண்டியது உள்ளே இருக்கும் சூடு. மேல் ஹீட்டர் என்றால் ப்ரோப்பை பாம்பு படுக்கும் இடத்துக்குப் பக்கத்தில், அதே உயரத்தில், சிலிகான் வைத்தோ கேபிள் கிளிப் போட்டோ இறுக்கிவிட வேண்டும். செல்லோ டேப், பேக்கிங் டேப் எதையும் பெட்டிக்குள் கொண்டுபோகாதீர்கள். ஒரு ஓரம் பெயர்ந்தால் போதும், பாம்பின் தோலில் ஒட்டிக்கொள்ளும், பிரித்தெடுக்கும்போது செதிலோடு வரும்.

அப்புறம் தெர்மோஸ்டாட்டே கெட்டுப்போவது. மலிவான ஆன், ஆஃப் வகையில் உள்ளே இருக்கும் ரிலே என்ற சுவிட்ச் சில சமயம் ஒட்டிக்கொண்டு ஆன் நிலையிலேயே நின்றுவிடும். குளிர் ஒரு ராத்திரியில் பாம்பைக் கொல்வது அபூர்வம், 40 டிகிரி சில மணி நேரத்தில் கொன்றுவிடும். இதற்கு நான் செய்திருப்பது, இரண்டு தெர்மோஸ்டாட். சுவர் பிளக்கில் முதலாவது, அதில் இரண்டாவது, அதில் ஹீட்டர். இரண்டாவதுதான் தினசரி வேலை பார்ப்பது. முதலாவதை மூன்று டிகிரி அதிகமாக வைத்து, அதன் ப்ரோப்பையும் அதே சூடான இடத்தில் தனியாகப் பொருத்தியிருக்கிறேன். வழக்கமாக அது எதுவும் செய்யாமல் சும்மா இருக்கும், இரண்டாவது சிக்கிக்கொண்டால் அது கரண்ட்டை அறுத்துவிடும். கூடவே தேவைக்கு மேல் பெரிய ஹீட்டர் வாங்காதீர்கள். 60 வாட் போதும் பெட்டிக்கு 150 வாட் போட்டால், தெர்மோஸ்டாட் தவறும் அன்று உங்களுக்குக் கிடைக்கும் நேரம் ரொம்பக் குறைவு.

அளப்பதற்குக் கண்ணாடியில் ஒட்டும் வட்ட டயல் தெர்மாமீட்டரை நம்பாதீர்கள், அது ஒட்டிய சுவரின் கதையைத்தான் சொல்லும். இரண்டு ப்ரோப் உள்ள டிஜிட்டல் ஒன்று, டெம்பரேச்சர் கன் ஒன்று. கன் அளப்பது பரப்பின் சூட்டை, காற்றின் சூட்டை இல்லை, அதனால் இரண்டுமே வேண்டும். குளிர்காலத்தில் இங்கே வீட்டுக்குள் காற்று காய்ந்துபோகும், மேலே ஹீட்டரும் எரிந்தால் இன்னும் காயும், பால் பைத்தானுக்குச் சட்டை கிழிந்து கிழிந்து வரும், கண்ணின் மேல் உறை ஒட்டிக்கொள்ளும். ஈரப்பதம் 60 சதவீதத்தை ஒட்டி இருக்கிறதா என்றும் சேர்த்துப் பாருங்கள்.

மின்சாரத்துக்கு: கனடாவில் வாங்கும் எதிலும் சிஎஸ்ஏ (CSA) அல்லது சியூஎல் (cUL) என்ற மின்பாதுகாப்பு முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். ஊரிலிருந்து வருகிறவர்களிடம் சொல்லி மேட் வரவழைக்காதீர்கள், அது 230 வோல்ட்டுக்குச் செய்தது, இங்கே வருவது 120. தண்ணீர் தெளிக்கும்போது ஒயர் வழியாக பிளக்குக்கு இறங்காதபடி, ஒயரை பிளக்குக்குக் கீழே ஒரு வளைவு தொங்கவிட்டு மேலே ஏற்றுங்கள். பவர் பாரில் இன்னொரு பவர் பாரைச் செருகாதீர்கள். பாம்பு இருக்கும் அறையில் ஸ்மோக் அலாரம் ஒன்று.

தமிழ்நாட்டிலிருந்து படிக்கிறவர்களுக்கு ஒன்று. நம் ஊர்ப் பாம்பு எதையும், சாரையாக இருந்தாலும் மலைப்பாம்பாக இருந்தாலும், வீட்டில் வைப்பது 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பால் பைத்தான் வெளிநாட்டு இனம், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் (CITES) என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் பட்டியலில் இருப்பது, முறையாகப் பதிவு செய்துதான் வைத்துக்கொள்ள முடியும். அதுவும் சென்னை மே மாதத்தில் தெர்மோஸ்டாட்டால் சூட்டைக் குறைக்க முடியாது, அறையையே குளிர்விக்க வழி இல்லையென்றால் பாம்பு வேண்டாம்.

கடைசியாக, கரண்ட் போனால். 2013 டிசம்பர் ஐஸ் புயல் இங்கே இருந்தவர்கள் யாருக்கும் மறக்காது. நகரத்துக்குக் கரண்ட் கொடுக்கும் டொரொண்டோ ஹைட்ரோவில் மட்டும் சுமார் 3 லட்சம் இணைப்புகள் போயின, கிறிஸ்துமஸ் முடிந்தும் பல வீடுகள் இருட்டில் கிடந்தன. அப்படி ஒரு நாள் வந்தால் பதறி அடுப்பைப் பற்ற வைக்காதீர்கள். கரி அடுப்பு, பார்பிக்யூ, ஜெனரேட்டர் எதுவும் வீட்டுக்குள்ளோ கராஜுக்குள்ளோ கூடாது, கார்பன் மோனாக்சைடு பாம்பை மட்டும் இல்லை, உங்களையும் கொன்றுவிடும். பாம்பைத் தலையணை உறைக்குள் விட்டு வாயை முடிந்து, மீன் வருகிற தெர்மோகோல் பெட்டிக்குள் வையுங்கள், பெட்டியில் காற்றுக்கு ஓட்டை இருக்க வேண்டும். வெந்நீர் பையைத் துண்டில் சுற்றி உறைக்குப் பக்கத்தில், தொடாமல் வையுங்கள், கூடவே தெர்மாமீட்டரின் ப்ரோப்பையும் உள்ளே விடுங்கள். 24, 25 இருந்தால் போதும், 32க்கு முயற்சி செய்ய வேண்டாம். அந்த நாட்களில் எலி கொடுக்கக் கூடாது. முந்தின நாள்தான் தின்றது என்றால் முதலில் அந்தப் பாம்பைத்தான் கவனியுங்கள், கரண்ட் இருக்கும் நண்பர் வீடு இருந்தால் அங்கே கொண்டுபோய்விடுங்கள். கரண்ட் வந்ததும் தெர்மோஸ்டாட் பழைய எண்ணிலேயே இருக்கிறதா என்று பாருங்கள், சில மாடல்கள் கம்பெனி வைத்த எண்ணுக்கே திரும்பிவிடும். பெட்டி சரியான சூட்டுக்கு வந்து இரண்டு மூன்று நாள் போன பிறகு எலி கொடுக்கலாம், முதல் தடவை வழக்கத்தை விடக் கொஞ்சம் சின்னதாக.